வெளிநாடு கிளம்பறதுக்கு முன்னாடி மெயிலுக்கு ஒரு மாத்துச்சாவி வெச்சுட்டுப் போங்க

போன வருஷம் வியட்நாம் போயிருந்தப்ப ஹோசிமின் சிட்டில பென் தான் மார்க்கெட் வாசல்ல நின்னு மேப் பாத்துட்டு இருந்தேன். பைக்ல ரெண்டு பேர் வந்தாங்க, கையில இருந்த போன் போயிடுச்சு. மொத்தமே ரெண்டு செகண்ட். கத்தறதுக்குள்ள பைக் அடுத்த சிக்னல தாண்டிருச்சு.

போன் போனதுக்கு அழுதுட்டு விட்டுடலாம், பாஸ்போர்ட் பத்திரமா ஹோட்டல் ரூம்ல இருந்துச்சு. நெஜமான கூத்து அதுக்கப்புறம்தான். மறுநாள் ஊருக்குத் திரும்பற ஃபிளைட், டிக்கெட் ஜிமெயில்ல இருக்கு. ஹோட்டல் ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல உக்காந்து பாஸ்வேர்ட சரியாத்தான் அடிச்சேன். கூகுள் என்ன சொல்லுது? உங்க போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கோம், அதுல எஸ்னு அமுக்குங்க. அந்தப் போன்தான் பைக்ல போயிட்டு இருக்கே சாமி. சரி வேற வழி காட்டுன்னா ஓடிபி அனுப்பறேங்குது. சிம்மும் அதே போன்லதான்.

எந்த ஊர்ல எந்த கம்ப்யூட்டர்ல வேணா உக்காந்து தொறக்கலாம்னுதான் நாம மெயில நம்பிட்டு இருக்கோம், ஆனா இப்பல்லாம் அது நம்ம போனுக்குள்ளயே பூட்டிக் கெடக்கு. போன் போனா வாட்ஸப் போச்சு, பேங்க் ஆப் போச்சு, மெயிலும் கூடவே போச்சு. இதுல அந்த ஏர்லைன்ஸ் வேற ஃபிளைட்ட மூணு மணி நேரம் முன்னாடி தள்ளி, அதை மெயில்ல மட்டும் சொல்லியிருந்தாங்க.

நான் பட்டது போதும், நீங்க கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கீழ சொல்றத ஒண்ணொண்ணா முடிச்சுடுங்க. ஜிமெயில வெச்சு எழுதறேன், வேற மெயில்னா பட்டன் பேர் மாறும், விஷயம் ஏறக்குறைய இதேதான். செலவு பெருசா இல்ல, பிரிண்ட் அவுட்டுக்கு அம்பது ரூபா, சிம்முக்கு ஆகறது தனி.

1. வீட்டு கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணியே விட்டுட்டுப் போங்க

என்னைக் காப்பாத்தினது இதுதான், அதுவும் நான் பிளான் பண்ணி செஞ்சது இல்ல.

எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் அப்பாவோடது. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு பாவப்பட்டு ஹோட்டல் போன்ல இருந்து போட்டுக் குடுத்துச்சு. பிளஸ் 84ல ஆரம்பிக்கற நம்பர பாத்து அப்பா எடுக்கவே இல்ல. மூணாவது தடவ எடுத்து, நான் வாய தொறக்கறதுக்குள்ள "லோன்லாம் வேண்டாம்பா" ன்னுட்டு வெச்சுட்டாரு. நாலாவது தடவ எடுத்த எடுப்புல "அப்பா நாந்தான், வெக்காதீங்க" ன்னு கத்தி, தம்பிகிட்ட போனக் குடுக்க வெச்சேன்.

அவன் என் ரூம்ல இருந்த பழைய டெஸ்க்டாப்ப ஆன் பண்ணிட்டு "அக்கா, உன் மெயில் தொறந்துதான கெடக்கு, எதுக்கு இப்ப அழுவுற" ன்னான். அதுல எப்பவோ லாகின் பண்ணது, இந்த மெஷின்ல மறுபடி கேக்காதேன்னு டிக் பண்ணி விட்டிருக்கேன். ஃபிளைட் மாறின மெயில் அப்பதான் கண்ணுல பட்டுச்சு. அப்புறம் அதே கணக்குல செக்யூரிட்டி பக்கம் போய் பேக்கப் கோட், அதாவது போன் கையில இல்லாதப்ப ஓடிபிக்கு பதிலா அடிக்கற நம்பர், எடுக்க சொன்னேன். பாஸ்வேர்ட் மட்டும் கேட்டுச்சு, சொன்னேன். எட்டு நம்பர் உள்ள கோட் ஒண்ண ரெண்டு தடவ படிக்கச் சொல்லி பேப்பர்ல எழுதி ஹோட்டல் கம்ப்யூட்டர்ல அடிச்சதும் தொறந்துருச்சு.

கணக்கு மாட்டிக்கிட்டா வழக்கமா யூஸ் பண்ற கம்ப்யூட்டர்ல, அதே பிரவுசர்ல, வழக்கமான எடத்துல இருந்து ட்ரை பண்ணுங்கன்னு கூகுளே சொல்லுது. தெரியாத நாட்டுல தெரியாத மெஷின்ல உக்காந்து அஞ்சாறு தடவ தப்பா அடிச்சா சந்தேகம்தான் கூடும், கொஞ்ச நேரம் கழிச்சு வான்னு தள்ளி விட்டுடும். அதனால நீங்க அங்க முட்டிக்கிட்டு நிக்கறத விட வீட்ல இருக்கறவங்கள வெச்சு முயற்சி பண்றது மேல்.

ஒரே கண்டிஷன், வீட்ல நம்பிக்கையான ஆள் இருக்கணும், கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்ட் இருக்கணும். ரூம்மேட்ஸ் அஞ்சு பேர் பொதுவா யூஸ் பண்ற லேப்டாப்னா இந்த வேலைய செய்யாதீங்க. ஊருக்கு வந்ததும் பாஸ்வேர்ட மாத்திடுங்க, தம்பியா இருந்தாலும்.

2. பேக்கப் கோட பிரிண்ட் எடுங்க, எங்க வெக்கறதுன்னு யோசிச்சு வெய்ங்க

கூகுள் கணக்குல செக்யூரிட்டி பக்கத்துல, ரெண்டாவது கட்ட சரிபார்ப்புக்குள்ள பேக்கப் கோட்னு ஒண்ணு இருக்கும். அமுக்கினா பத்து கோட் குடுக்கும். ஒவ்வொண்ணும் ஒரு தடவைக்குத்தான், யூஸ் பண்ணத அடிச்சு விட்டுடுங்க. புதுசா இன்னொரு செட் எடுத்தா பழைய பத்தும் செத்துப் போயிடும், இது தெரியாம பழைய பேப்பர தூக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. அஞ்சு நிமிஷ வேலை.

எங்க வெக்கறதுங்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போன்லயே வெக்கறது, இல்லன்னா தனக்குத்தானே மெயில் பண்ணிக்கறது. பெட்டிச் சாவிய பெட்டிக்குள்ளயே போட்டுப் பூட்டறது அது. நான் இப்ப ஒரு பிரிண்ட பாஸ்போர்ட் கவர்ல வெக்கறேன், அதுல மெயில் ஐடியும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது, வெறும் நம்பர்தான், யார் எடுத்தாலும் அதை மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொரு பிரிண்ட் வீட்டு பீரோல.

ஆறு ஆறு நம்பரா மாறிட்டே இருக்கற ஆத்தென்டிகேட்டர் ஆப் வெச்சிருக்கீங்களா, நல்லதுதான், நெட் இல்லாமயும் வேலை செய்யும். ஆனா போன்ல டைம் தப்பா இருந்தா கோட் தப்பும், டைம தானா செட் ஆகறதுலயே விட்டுடுங்க. இன்னொரு பொறி, கூகுளோட ஆப்ல உங்க கணக்க போட்டு லாகின் பண்ணியிருந்தா அதுல இருக்கற கோட் எல்லாம் கூகுள் கணக்குலயே சேவ் ஆகும். அந்தக் கணக்குக்குள்ள போறதுக்குத்தான் நமக்கு கோடே வேணும்னா என்ன பண்றது? அதனால ஆப் இருந்தாலும் பேப்பர் வேணும்.

ரிகவரி மெயில், அதாவது கணக்கு மாட்டிக்கிட்டா மீட்கறதுக்காக குடுத்து வெச்ச இன்னொரு மெயில் ஐடி, என்ன குடுத்திருக்கீங்கன்னும் பாத்துடுங்க. எனக்கு காலேஜ்ல தொறந்த யாஹூ ஐடி இருந்துச்சு, அதுவோ பன்னெண்டு மாசம் எட்டிப் பாக்கலன்னா மூடிடற கேசு. கூகுள்லயும் 2 வருஷம் தொடாத கணக்க அழிச்சுடலாம்னு ரூல் இருக்கு. உயிரோட இருக்கற மெயில் ஐடி குடுங்க, வீட்டுக்காரரோ தங்கச்சியோ தெனம் பாக்கற ஐடின்னா இன்னும் நல்லது. கடைசி நாள் நைட்டு மாத்தாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே மாத்தி விடுங்க.

3. இந்திய சிம்ம என்ன பண்றது

பேங்க் ஓடிபி, மெயில் ஓடிபி எல்லாம் இந்த நம்பருக்குத்தான் வரும், அதனால சிம்ம கழட்டி பர்ஸ்ல போட்டுட்டுப் போனா வேலைக்காகாது. கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க கம்பெனி ஆப்ல இன்டர்நேஷனல் ரோமிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அங்க எறங்கிட்டு ஆன் பண்ணலாம்னு போனா அதுக்கே ஒரு ஓடிபி கேக்கும். ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ்க்கு பெரும்பாலும் காசு கிடையாது, இருந்தாலும் உங்க பிளானையும் நீங்க போற நாட்டையும் போட்டு ஒரு தடவ பாத்துக்கங்க. பிளான் வேலிடிட்டி நீங்க திரும்பி வர்ற தேதி வரைக்கும் இருக்கணும், நடுவுல முடிஞ்சா எஸ்எம்எஸ்ஸும் நின்னுடும்.

டேட்டா ரோமிங்க மட்டும் கண்டிப்பா ஆஃப் பண்ணி வெய்ங்க. பேக் போடாம அது ஆன்ல இருந்து, பின்னாடி ஆப்லாம் அப்டேட் ஆச்சுன்னா பில் பாத்து தலைய சுத்தும்.

இப்ப முக்கியமான பொறி. நம்ம நாட்டுல சிம்ம மாத்தினா, தொலைஞ்சு டூப்ளிகேட் வாங்கினாலும் சரி, சாதா சிம்ல இருந்து இசிம்முக்கு (கார்டு இல்லாம போனுக்குள்ளயே பதிவாகற சிம்) மாறினாலும் சரி, 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது போகாது. மோசடிய தடுக்க வெச்ச ரூல். என் ஃப்ரெண்டு ஒருத்தி கிளம்பற அன்னிக்குக் காலையில இசிம்முக்கு மாறிட்டு, சாயங்காலம் ஏர்போர்ட்ல நின்னு கார்டுல எதையோ கட்டப் போய் ஓடிபி வராம முழிச்சா. சிம் மாத்தற வேலை இருந்தா ஒரு வாரம் முன்னாடியே முடிங்க. வெளிநாட்டுல இருக்கறப்ப சிம் தொலைஞ்சா வீட்ல இருந்து உங்களுக்காக யாரும் போய் டூப்ளிகேட் வாங்கிடலாம்னும் நெனைக்காதீங்க, யார் பேர்ல சிம் இருக்கோ அவங்க நேர்ல போய் ஆதாரக் காட்டி போட்டோ எடுத்துக்கணும்.

இப்ப நான் பண்றது: இந்திய சிம்ம ஒரு பழைய போன்ல போட்டு ஹோட்டல் ரூம் லாக்கர்ல வெச்சுடறேன், கையில சுத்தற போன்ல அந்த ஊர் சிம் மட்டும். ஓடிபி வேணும்னா ரூமுக்குப் போய் பாத்துக்கறது. கொஞ்சம் இம்சைதான், ஆனா புடுங்கிட்டுப் போனா போறது ஒரு போன் மட்டும். பழைய போன்னா பட்டன் போன தூக்கிட்டுப் போயிடாதீங்க, 4ஜி புடிக்கணும். சிங்கப்பூர்ல 2017லயே 2ஜிய மூடிட்டாங்க, வியட்நாம்லயும் 2024ல 2ஜி மட்டும் புடிக்கற போனுக்கு சிக்னல் குடுக்கறத நிறுத்திட்டாங்க.

4. பதினஞ்சு ஜிபி நெரம்பிருச்சான்னு பாருங்க

இது யாரும் சொல்ல மாட்டாங்க. கூகுள் சும்மா குடுக்கற 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்ல, போட்டோவுக்கும் டிரைவுக்கும் சேத்துத்தான். டூர்ல என்ன பண்றோம், தெனம் எரநூறு போட்டோ, பத்து வீடியோ, நைட்டு ஹோட்டல் வைஃபைல எல்லாம் தானா ஏறும். நாலாவது நாள் 15 ஜிபி ஃபுல். அப்புறம் உங்களுக்கு வர்ற மெயில் எல்லாம் அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போக ஆரம்பிக்கும். உங்களுக்கு எதுவும் தெரியாது, இன்பாக்ஸ் அமைதியா இருக்கேன்னு சந்தோஷமா சுத்திட்டு இருப்பீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி கணக்குல ஸ்டோரேஜ் எவ்ளோ மிச்சம்னு பாருங்க, அஞ்சு ஜிபியாச்சும் காலியா இருக்கணும். ஜிமெயில்ல தேடற கட்டத்துக்குப் பக்கத்துல ஃபில்டர் இருக்கும், அதுல பத்து எம்பிக்கு மேல உள்ள மெயில மட்டும் காட்டச் சொன்னா பழைய கல்யாணப் பத்திரிகை வீடியோ எல்லாம் வந்து நிக்கும், அழிங்க. அழிச்சா மட்டும் பத்தாது, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணணும், இல்லன்னா 30 நாள் அங்கயே எடத்த அடைச்சுட்டு கெடக்கும். டூர் முடியற வரைக்கும் போட்டோ பேக்கப்ப ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா வேற ஐடில ஏத்துங்க.

5. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் நெட் இல்லாம தொறக்கணும்

மெயில்லதான இருக்குன்னு விட்டுடுவோம். ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப் சாதாரணமா கடைசி 30 நாள் மெயிலத்தான் போன்ல வெச்சிருக்கும். நாலு மாசம் முன்னாடி சீப்பா கெடைக்குதேன்னு போட்ட டிக்கெட் நெட் இல்லாத எடத்துல தொறக்காது. செட்டிங்ஸ்ல அந்த நாள் கணக்க கூட்டிக்கலாம், அத விட எல்லாத்தையும் பிடிஎஃப்பா டவுன்லோட் பண்ணி ஒரே ஃபோல்டர்ல போட்டு, ஒரு செட் பிரிண்டும் எடுத்துடுங்க.

என்னென்ன வேணும்னா, பாஸ்போர்ட் முதல் பக்கம் கடைசி பக்கம், விசா, போக வர டிக்கெட், ஹோட்டல் புக்கிங், இன்சூரன்ஸ், ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஸ்கேன். இத்தனையும் ஒரே மெயில்ல வெச்சு வீட்ல ஒருத்தருக்கு அனுப்பி வெய்ங்க. ஜிமெயில்ல 25 எம்பி வரைக்கும்தான் அப்படியே போகும், தாண்டினா டிரைவ் லிங்க்கா மாறிடும். ஏதாச்சும் ஆபீசுக்கு அனுப்பறப்ப லிங்க் அனுப்பினா அங்க இருக்கறவங்க தொறக்காம விட சான்ஸ் நெறைய, அதனால சைஸ கொறச்சு நேரடியாவே அட்டாச் பண்ணுங்க. ஐபோன்காரங்க போட்டோவ ஜேபெக்கா மாத்தி அனுப்புங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர் பல எடத்துல ஐபோன் ஃபார்மட் தொறக்காது.

வியட்நாம் இ-விசா பத்தி ஒரு வார்த்த. ஒரு தடவ உள்ள போறதுக்கு 25 டாலர், பல தடவைன்னா 50. ஃபார்ம்ல குடுக்கற மெயில் ஐடிய ரெண்டு தடவ படிச்சுப் பாருங்க, ஒரு எழுத்து மாறினா தகவல் யாருக்கோ போகும். அப்ளை பண்ணதும் வர்ற ரிஜிஸ்ட்ரேஷன் கோட எழுதி வெச்சுக்கங்க, மெயில் வரலன்னாலும் அந்தக் கோட், மெயில் ஐடி, பொறந்த தேதிய போட்டு சைட்லயே விசாவ எடுத்துக்கலாம். எனக்கு நாலு வேலை நாள் ஆச்சு. பத்து நாளாச்சும் கையில வெச்சுட்டு அப்ளை பண்ணுங்க, ஸ்பாம் ஃபோல்டரையும் தெனம் பாருங்க.

6. எறங்கினதும் நெட்

ஏர்போர்ட்லயே சிம் வாங்கிடுங்க, பாஸ்போர்ட் கேப்பாங்க. நான் 2 லட்சம் டோங் குடுத்தேன், நம்ம காசுக்கு எழுநூறு ரூபாய்க்குள்ள. லட்சம்னதும் பயந்துடாதீங்க, அங்க காபியே ஆயிரக்கணக்குலதான்.

வைஃபை கனெக்ட் ஆகியும் லாகின் பக்கம் வரலன்னா பிரவுசர்ல நெவர் எஸ்எஸ்எல் டாட் காம்னு ஒரு சைட் இருக்கு, அத அடிச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும். வைஃபை குடுக்கறேன்னு சொல்லி உங்க மெயில் பாஸ்வேர்டயே கேட்டா மட்டும் மூடிட்டு வெளிய வந்துடுங்க. ரூம் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் கேப்பாங்க, அது சகஜம். மெயில் பாஸ்வேர்ட் அவங்களுக்கு எதுக்கு?

சீனா போறவங்களுக்கு இது வேற கதை. அங்க ஜிமெயில் தொறக்காது, ஹோட்டல் வைஃபைலயும் அந்த ஊர் சிம்லயும் வராது. இந்திய சிம் ரோமிங் டேட்டாவுல பொதுவா வரும், ஏன்னா அந்த டேட்டா நம்ம ஊர் கம்பெனி வழியா சுத்திட்டு வருது. அதனால சீனாவுக்கு மட்டும் காசு போனா போகுதுன்னு ரோமிங் டேட்டா பேக் போட்டுடுங்க. ஹாங்காங்ல இந்தத் தொல்லை இல்ல.

7. அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல மெயில் தொறக்கறது

முடிஞ்ச வரைக்கும் வேண்டாம். போர்டிங் பாஸ் பிரிண்டுக்காகத்தான் பாதி பேர் தொறக்கறாங்க, அதுக்கு ரிசப்ஷன் மெயில் ஐடிய கேட்டு உங்க போன்ல இருந்தே அனுப்பிடலாம், அவங்களே எடுத்துக் குடுப்பாங்க. வேற வழியே இல்லன்னா பிரவுசர்ல இன்காக்னிட்டோல (மூடினதும் நீங்க பாத்தத வெச்சுக்காத தனி விண்டோ) தொறந்து, பாஸ்வேர்ட் சேவ் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி, முடிச்சதும் லாக்அவுட் பண்ணிட்டு விண்டோவ மூடுங்க. மறந்துட்டீங்களா, கணக்குல செக்யூரிட்டி பக்கத்துல உங்க டிவைஸ் லிஸ்ட் இருக்கும், அங்க இருந்தே அந்த மெஷின வெளிய தள்ளலாம்.

8. ஆபீஸ் மெயில்

ஐடி டீமுக்கு ஒரு வாரம் முன்னாடி எந்த நாடு, எந்த தேதின்னு எழுதிக் குடுத்துடுங்க. நெறைய கம்பெனில வெளிநாட்டுல இருந்து லாகின் வந்தாலே லாக் பண்ணிடறாங்க, சனிக்கிழமை நைட்டு அங்க போன் எடுக்க ஆள் இருக்காது. வியட்நாம் நம்மள விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடும், அதையும் சேத்து கணக்குப் போட்டுக்கங்க.

9. இத்தனைக்கும் மேல போன் போயிடுச்சுன்னா

மொதல்ல ஹோட்டலுக்கு வாங்க. நான் பக்கத்துல இருந்த மாரியம்மன் கோயில்ல போய் அரை மணி நேரம் உக்காந்து அழுதுட்டுத்தான் வந்தேன். ஆமா, சைகோன் (ஹோசிமின் சிட்டியோட பழைய பேர்) நடுவுல மாரியம்மன் கோயில் இருக்கு, நம்மாளுங்க கட்டினது. மனசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த அரை மணி நேரத்துல போன லாக் பண்ணியிருக்கலாம்.

பேக்கப் கோட வெச்சு மெயில தொறங்க, அங்க இருந்தே தொலைஞ்ச போன தேடற கூகுளோட ஃபைண்ட் பக்கத்துல போன லாக் பண்ணுங்க. அழிக்கறதா இருந்தா எங்க இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு அழிங்க, அதுக்கப்புறம் அது எங்க இருக்குன்னு காட்டாது. அடுத்து வீட்டுக்கு சொல்லி பேங்க்குக்கும் சிம் கம்பெனிக்கும் பேச வெய்ங்க, யூபிஐ இருக்கறதால இதுல லேட் பண்ணாதீங்க. இன்சூரன்ஸ் எடுத்திருந்தா போலீஸ் ரிப்போர்ட் காப்பி கேப்பாங்க, ஹோட்டல்காரங்களையே கூட வரச் சொல்லுங்க, பாஷை தெரியாம தனியாப் போய் நின்னா அரை நாள் போயிடும்.

ரெண்டு நம்பராச்சும் மனப்பாடமா இருக்கணும், அதுல ஒருத்தராச்சும் தெரியாத நம்பர எடுக்கற ஆளா இருக்கணும். எங்கப்பாகிட்ட இப்ப சொல்லி வெச்சுட்டேன், நான் வெளியூர்ல இருக்கற வாரம் எந்த நம்பர் வந்தாலும் எடுக்கணும், லோன்காரனா இருந்தாலும் ரெண்டு வார்த்த கேட்டுட்டு வெய்ங்கன்னு.

10. திரும்பி வந்ததும்

பாஸ்வேர்ட் மாத்துங்க, டிவைஸ் லிஸ்ட்ல தெரியாத மெஷின் இருந்தா தூக்குங்க, பேக்கப் கோட் புது செட் எடுத்து பழைய பேப்பர கிழிச்சுடுங்க, ரோமிங்க ஆஃப் பண்ணுங்க. லீவுன்னு போட்டு வெச்ச ஆட்டோ ரிப்ளைக்கு போறப்பவே முடியற தேதி குடுத்துடுங்க. நான் குடுக்கல, ஆபீசுக்கு வந்து சேந்து மூணு நாள் கழிச்சும் பக்கத்து சீட்டுக்காரருக்கு "நான் விடுமுறையில் இருக்கிறேன், அவசரம் என்றால் போனில் அழைக்கவும்" னு போயிட்டே இருந்துச்சு, போனே இல்லாதவளுக்கு.